கரையானுக்குப் பொட்டு வைத்த ஆடி

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் கரையான் மண் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு நான் துடைப்பத்தை எடுக்கத்தான் போனேன். அதற்குள் மாடியில் குடியிருக்கும் என் வீட்டுக்காரரின் அக்கா இறங்கி வந்துவிட்டார்.

"கை வைக்காதம்மே! இன்னா நென்ச்சிகினு கீற? ஆடி பொறக்கற நேரத்துல அம்மா வூடு தேடி வந்து புத்து கட்டிகினு கீறா!"

சொல்லிக்கொண்டே ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து மண்ணுக்குப் பொட்டு வைத்தார். அவ்வளவுதான். அதுவரை கரையானாக இருந்தது, அந்த நிமிஷத்திலிருந்து அம்மன்.

அம்மன் எங்கே வேண்டுமானாலும் வந்திருக்கலாம். மாடியில் அக்காவின் தேக்குக் கட்டில் இருக்கிறது, அங்கே வந்திருக்கலாம். ஆனால் வந்தது என் மகளின் கேரம் போர்டுக்குப் பக்கத்தில். சின்ன வீடு, விளையாடி முடித்ததும் போர்டை அந்த மூலையில்தான் சாய்த்து வைப்பாள். மண் ஏறி போர்டின் அடிச்சட்டத்தைத் தொட்டுவிட்டிருந்தது. போர்டை எடுத்தால் புற்று உடையும். புற்று உடைந்தால் குடும்பமே உடையும் என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஆடி போவட்டும். கற்பூரம் ஏத்தி எடுத்துக்கலாம்."

என் மகளுக்கோ ஆடி முடிந்த கையோடு மாவட்ட அணிக்கான செலக்‌ஷன். அதில் தேறி மேலே போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ ஹார்பரிலோ ஒரு வேலை கிடைக்கும். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு அரசாங்க வேலை என்றால் இந்த ஒரு வழிதான் தெரியும். கேரம் கிளப்பில் போர்டு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அங்கிள்கள் எழுந்தால்தானே பெண்பிள்ளைக்கு இடம்? அவர்கள் எழுந்திருக்கிற ரகமில்லை.

"நீயாவது உங்க அக்கா கிட்ட சொல்லேன்" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். கண்டெய்னரை அந்தரத்தில் தூக்கி லாரியில் வைக்கிற மனுஷன், ஒரு கேரம் போர்டைத் தூக்கப் பயந்தார். "கரையான் மருந்து அடிக்கற கம்பெனிக்காரன கூப்டு. அவன் வந்து இன்னா சொல்றான்னு பாக்கலாம்" என்று செல்போனைக் கையில் கொடுத்தார்.

கம்பெனி பொறுக்குவது பெண் பார்ப்பதைவிடப் பேஜாரு. ஐந்து நட்சத்திரம் இல்லாத கம்பெனியே ஊரில் இல்லை. கீழே கருத்து வேறு எழுதியிருந்தார்கள். 'வந்தவர் மரியாதையாகப் பேசினார்', 'சரியான நேரத்துக்கு வந்தார்' என்று வரிசையாக இருந்தது. கரையான் செத்ததா என்று ஒருத்தரும் எழுதவில்லை.

முதலில் டை கட்டியவர் வந்தார். டார்ச் அடித்து, சுவரைத் தட்டி, ஏதேதோ படம் காட்டி நன்றாகத்தான் ஆரம்பித்தார். மூலையில் குங்குமத்தைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிவிட்டார். "சுயம்புங்களா மேடம்?" என்று என்னிடமே கேட்டு, அக்காவிடம் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, தன் விசிட்டிங் கார்டைப் புற்றின் காலடியில் வைத்து வியாபாரம் பெருக வேண்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர். டை இல்லை, படம் இல்லை. நேராக மூலைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். "கூடு இங்கதான் கீதும்மா. இத வுட்டுட்டு மத்த எடத்துல மருந்து போட்டா, எல்லாம் ஓடியாந்து இங்கயேதான் சேரும்."

"அப்ப அடிங்க பாய்."

"நானா? நல்லா சொன்னீங்க போங்க! நா போய் இதும்மேல மருந்து அடிச்சா, எவனாவது செல்லுல படம் புடிச்சு ஊர் பூரா அனுப்பிடுவான். அப்புறம் நா கடை தொறக்கறதா, ஸ்டேஷன்ல குந்தறதா? நீங்க பொட்ட அழிச்சிட்டு கூப்டுங்கம்மா." நியாயமாகத்தான் இருந்தது.

மூன்றாவதாக மூலிகைக் கம்பெனி. இவர்கள் யாரையும் புண்படுத்தாதவர்கள். "சாமி ஏரியாவ விட்டுட்டு வீடு ஃபுல்லா டிரில் போட்டு மருந்து இறக்கிடலாம். கியாரண்டி உண்டு." அக்காவுக்குப் பரம திருப்தி. பாய் சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், யார் காதில் விழுந்தது? தரையோரம் முழுக்கத் துளை போட்டார்கள். வீடே வேப்பெண்ணெய்க் குடத்தில் விழுந்த மாதிரி நாறியது.

வாசல் நிலையில் ஏறியிருந்த கரையான் போனது உண்மை. ஜன்னலிலும் போனது. வீட்டுக்காரர் சந்தோஷமாக ஐந்து நட்சத்திரம் போட்டார். ஆனால் மூலையில் புற்று மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்தது.

"பாரும்மே, அம்மா எப்டி வளந்துகினு கீறா!" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் தெருவே வந்தது. முட்டை, பூ, கூழ். எங்கள் வீட்டு டீக்கு வாங்கி வைத்த பால் புற்றுக்குப் போனது. என் மகள் அந்தக் கூட்டத்துக்கு நடுவே வெறும் தரையில் உட்கார்ந்து ஸ்ட்ரைக்கரைச் சுண்டிக்கொண்டிருப்பாள்.

ஒருவழியாக ஆடி முடிந்தது. அக்கா கற்பூரம் காட்டி உத்தரவு கொடுத்தார். மகள் போர்டை எடுத்து, துடைத்து, போரிக் பவுடர் தூவி உட்கார்ந்தாள். பார்வைக்குப் போர்டு புத்தம் புதிதாக இருந்தது. ஸ்ட்ரைக்கரைச் சட்டத்தில் அடித்துத் திருப்பிக் காயைத் தள்ளுவதில்தான் அவள் கெட்டிக்காரி. குறி பார்த்து அடித்தாள். 'பொத்' என்று ஒரு சத்தம். ஸ்ட்ரைக்கர் திரும்பி வரவில்லை, சட்டத்தோரமே நின்றுவிட்டது. இன்னொரு தரம் அடித்தாள். அதே 'பொத்'. நகத்தால் சட்டத்தை அழுத்தினாள். விரல் உள்ளே போனது. மண் கொட்டியது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கயும் வந்துட்டாளா?" என்று குங்குமச் சிமிழைத் திறந்தார்.

அதிர்ந்து பேசாத பெண் என் மகள். அன்றைக்கு அத்தையின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இத்தினி நாளா பால் ஊத்துனியே அத்தே, அது பால குடிக்கல. என் போர்டத்தான் துன்னுச்சு."

செலக்‌ஷனுக்கு நானும் கூடப் போனேன். கடைசி ஆட்டம்வரை வந்தாள். அங்கே, சட்டத்தில் அடித்துத் திருப்ப வேண்டிய ஒரு காயைத் தவறவிட்டாள். கை பழக்கம் விட்டிருந்தது. பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் தாங்கவில்லை. இன்று வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

வாசலில் வண்ணாரப்பேட்டை பாயின் வண்டி நின்றது. உள்ளே புற்றைச் சுரண்டி வாளியில் அள்ளியிருந்தது. பொட்டின் தடம்கூட இல்லை. பாய் மருந்துக் குழாயோடு தயங்கி நிற்க, அக்கா பக்கத்தில் மண் ஒட்டிய கையோடு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆட்டம் இன்னாச்சு கண்ணு?"

"போச்சு அத்தே."

அக்கா பாய் பக்கம் திரும்பினார்.

"அடி பாய். நல்லா அடி. எவன் வந்து கேக்கறான்னு நா பாக்கறேன்."