உதைக்காத தோட்டா

எங்கள் வீட்டில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. 'போலீஸ்காரி' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். டப்பாவில் மிக்சர் குறைந்திருந்தால் ஒவ்வொருவர் கையையும் முகர்ந்து பார்ப்பேன். அம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனால் எனக்கும் கொல்லையில் வேலை வந்துவிடும். பத்து வயதில் எனக்கு இந்த உலகத்தில் ஒருவர் மேலும் நம்பிக்கை கிடையாது. இது அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட குணம் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் சந்தேகமெல்லாம் ஒரே ஒருவர் மேல். அவருடைய அண்ணன், என் பெரியப்பா. வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர், சேர்ந்தாற்போல் மக்காச்சோளக் காடு. தாத்தா விட்டுப்போன எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டவர்களுக்குப் பிரிக்க முடியாமல் போனது ஒன்றுதான்: தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி. லைசென்ஸ் மூத்தவர் பெயருக்கு மாறியது. கதிர் முற்றும் நேரத்தில் மலையிலிருந்து பன்றிக் கூட்டம் இறங்கினால் பெரியப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். பன்றியைச் சுடக்கூடாது, சத்தம் காட்டி விரட்டலாம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு எங்கள் காட்டில் இறங்கிய பன்றிகளும் சேர்ந்துதான் ஓடின. ஆனாலும் துப்பாக்கி வீடு என்ற மரியாதை சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் இருப்பது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு போய் வாங்கிக்கொள்ளலாம். வாங்கி வருகிற நாளில் பெரியப்பா அதை முதுகில் மாட்டிக்கொண்டு, பைக்கில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஊருக்குள் நுழைவார். அந்த வருடம் பைக்கை எடுக்கவில்லை. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தார். வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் கிடத்தி, கட்டையிலிருந்து குழல் முனை வரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்த நான் ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா வெகுநேரம் யோசித்தார். விற்கப் போகிறார், அல்லது அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் பெரியம்மாவின் தம்பிக்குத் தள்ளிவிடப் போகிறார், இரண்டில் ஒன்று என்று முடிவுக்கு வந்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ பாட்டுக்கு அங்க போயி வெளயாடு. என்னா நடக்குதுன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். உளவு பார்க்கச் சொல்லி உத்தரவு வாங்கிய பெருமையில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததெல்லாம் சந்தேகத்துக்கு இடமாகவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அரியலூர்த் தம்பி காரோடு வந்துவிடுவார். பெரியப்பாவும் பெரியம்மாவும் உறையில் போட்ட துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஏறிப் போவார்கள். விருந்தாடப் போகிறவர்களுக்குத் துப்பாக்கி எதற்கு? கேட்டால் பெரியப்பா சிரித்தார். சிரிக்கிறவர்களை நான் அப்போது நம்புவதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் பெரியம்மா எனக்குத் தலை வாரினாள். வலது கை பாதிக்கு மேல் தூக்க வரவில்லை. வகிடு கோணிக்கொண்டு போயிற்று. நான் திரும்பிப் பார்த்தபோது ரவிக்கை ஓரத்தில், தோள் குழியில், உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடந்தது. என்ன என்றேன். அரிசி மூட்டை இடித்துவிட்டது என்றாள். அந்த வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்குகிறவர் பெரியப்பா என்பது எனக்குத் தெரியாதா? பின்னலை முடிக்கும் முன்பே வழக்கு எனக்கு விளங்கிவிட்டது. பெரியப்பா பெரியம்மாவை அடிக்கிறார்.

பெரியப்பா அதுவரை யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகப் பட்டது. சத்தம் போடாதவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பது அப்பா அடிக்கடி சொல்வது. சத்தம் போடுகிறவர் அப்பா என்பதால் எனக்கு அது நியாயமாகவே தோன்றியது. விஷயத்தைச் சொன்னதும் அப்பா சுவரைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தார். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்து, பிள்ளை பேச்சைக் கேட்டுக்கொண்டு ஆடாதீர்கள் என்று உட்கார வைத்தாள்.

அந்த வாரமே பெரியப்பா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "பாப்பா, திருச்சிக்கு வரியா?" என்றார். தோட்டா வாங்கப் போகிறாராம். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் பாவாடையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் பெரியப்பா என்னைச் சோதித்துக்கொண்டே வந்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாகக் காட்டி, போர்டைப் படி என்றார். நான் படித்தேன். திருச்சியில் இறங்கியதும் என் தோளில் கையை வைத்தார். கடை வரும்வரை எடுக்கவில்லை. நான் தப்பி ஓடாமல் இருக்கத்தான் பிடித்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று, கூட்டத்தில் கத்தினால் யார் உதவிக்கு வருவார்கள் என்று ஆள் பார்த்து வைத்துக்கொண்டேன்.

துப்பாக்கிக் கடையில் எங்கள் ஊர் மருந்துக்கடையை விடக் கூட்டம் குறைவு. கடைக்காரர் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, என்ன தோட்டா, எதற்கு என்று கேட்டார். பெரியப்பா, ஒற்றைக் குண்டுத் தோட்டாதான் வேண்டும், ஆனால் உதை குறைவாக இருக்கவேண்டும் என்றார். ரவைத் தோட்டா சுட்டால் சிதறிப் போகும், ஒற்றைக் குண்டு குறி பார்த்த இடத்தில் போய் அடிக்கும். ஆனால் சுடுகிறபோது கட்டை தோளில் திருப்பி உதைக்கும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கடைக்காரர் கண்ணாடி மேஜை மேல் அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்தார். பெரியப்பா அவற்றைத் தொடக்கூட இல்லை. "ஒங்க பள்ளிக்கூடத்துல இங்கிலீசு எப்படின்னு பாப்போம். ஒண்ணொண்ணா படி" என்று என்னிடம் தள்ளினார். அங்கேயும் பரீட்சை. நான் குண்டின் எடை, தோட்டாவின் நீளம், பாய்கிற வேகம் எல்லாவற்றையும் கடைக்காரரும் மெச்சும்படி படித்தேன். பெரியப்பா ஒவ்வொன்றையும் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். முதல் முறை கவனிக்காதவர் மாதிரி நடித்து என்னை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, இரண்டாம் முறை இன்னும் உரக்கப் படித்தேன்.

"குண்டு எடை கொறஞ்சா உதை கொறையுங்க. வெடிமருந்தும் கொறைவா இருந்தா இன்னும் நல்லது" என்றார் கடைக்காரர். "ஆனா பன்னி கின்னிக்கு இது சரிப்படாது. தாள்ல ஓட்ட போடத்தான்."

"தாள்லதான் சுடணும்" என்றார் பெரியப்பா.

அதோடு விடவில்லை. லேசான குண்டு குறி தவறுமா என்றார். துப்பாக்கிக்குத் துப்பாக்கி அது மாறும், ஒன்றுக்கு ஒத்துப்போவது இன்னொன்றுக்கு ஒத்துப்போகாது, இரண்டு தினுசில் எடுத்துப்போய்ச் சுட்டுப் பார்த்து எது கிட்டக்கிட்ட விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். பெரியப்பா ஒவ்வொரு தினுசிலும் ஒரு தோட்டாவைக் கைக்கு ஒன்றாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எடை பார்த்தார். கட்டையின் அடியில் மாட்டுகிற ரப்பர் அட்டை ஒன்றையும் கேட்டு வாங்கினார். அதை என் தோளில் வைத்து ஒரு அழுத்து அழுத்தி, "வலிக்குதா பாப்பா?" என்றார்.  அடுத்த அடி எனக்குத்தான் என்று தோன்றிவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். இத்தனை வருடம் சுட்டவருக்கு, அதுவும் அவ்வளவு பெரிய தோளுக்கு, உதை ஒரு பொருட்டா? பெரியம்மாவை அடித்து அடித்துக் கை வலிக்கிறது, அதனால்தான் உதைக்காத தோட்டா தேடுகிறார் என்று தீர்ப்பையும் நானே சொன்னேன். அப்பா எழுந்துவிட்டார். "ஞாயித்துக்கெழம நாமளும் அரியலூருக்குப் போறோம்" என்றார். இந்த முறை அம்மாவால் தடுக்க முடியவில்லை.

அப்பாவும் நானும் காருக்குப் பின்னாலேயே பைக்கில் போனோம். கார் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு சுரங்கப் பள்ளத்துக்குள் இறங்கியது. உள்ளே துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று கொட்டகை போட்டிருந்தது. பள்ளத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வட்டம் போட்ட தாள் ஒன்று சட்டத்தில் நின்றது. அதற்கு எதிரே, முந்தானையை இழுத்துச் செருகி, காதை அடைத்து, தோளில் மடித்த துண்டை வைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பிடித்திருந்தாள் பெரியம்மா. பெரியப்பா அவளுக்குப் பின்னால், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். வெடித்தது. பெரியம்மா லேசாக ஆடினாள், ஆனால் கால் நகரவில்லை. மறுபடி வெடித்தது.

அப்பா சரிவில் இறங்கிக்கொண்டே கத்தினார். "அப்பா வுட்டுட்டுப் போனது எனக்கும்தானே? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?" தொப்பி போட்ட சங்கத்து ஆள் ஓடிவந்து பெரியம்மாவிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, மடக்கித் திறந்து, மேஜை மேல் வைத்துவிட்டு அதற்கு முன்னால் நின்றுகொண்டார். வந்த காரியத்தை அப்பா மறந்துவிட்டாரே என்று எனக்குப் பதற்றம். "அடிச்சதக் கேளுங்கப்பா" என்று எடுத்துக் கொடுத்தேன்.

பெரியம்மா தோளைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். அடித்தது துப்பாக்கிதான் என்றாள். போன வாரம் போட்ட தோட்டா உயிரை எடுத்துவிட்டதாம், பாப்பா படித்து வாங்கி வந்தது பரவாயில்லையாம். லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றப் போகிறார்கள், அதற்குச் சங்கத்தில் பயிற்சி எடுத்துத் தாளில் சுட்டுக் காட்டவேண்டும், இன்றைக்குத்தான் பரீட்சை என்றாள்.

அப்பாவுக்கு அது இன்னும் எரிந்தது. கூடப் பிறந்தவன் நான் இருக்கும்போது என்று ஆரம்பித்தார். பெரியம்மா சிரிப்பை நிறுத்தினாள்.

"ஒங்களுக்குக் கோவம் வருதுல்லங்க தம்பி. வரப்புத் தகராறுல அன்னைக்கி ஒங்க கையில அருவாதான் இருந்துச்சு. அதனால தையலோட போச்சு."

 அந்தத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரருக்கு முழங்கையில் போட்ட தையல் எல்லோருக்கும் தெரியும். அப்பா வேறு பக்கமாகத் திரும்பிக் கேட்டார்: "அண்ணனுக்கு என்னா கேடு? அவரே வச்சுக்க வேண்டியதுதானே?"

 சங்கத்து ஆள் சட்டத்திலிருந்து தாளைக் கழற்றிக்கொண்டு வந்து பெரியப்பாவிடம் கொடுத்தார். பெரியப்பா அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு மேஜை மேல் பரப்பி, ஓரத்திலிருந்து விரலால் தடவ ஆரம்பித்தார். துப்பாக்கியை அன்று தடவினாரே, அதே மாதிரி. "எங்க பட்டுருக்கு?" என்றார். விரல் வட்டத்துக்கு வெளியே வெறும் தாளில் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டைகள் இரண்டும் எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தன. பெரியம்மா கையை நீட்டப் போனாள்.

அதற்குள் அப்பா அந்த விரலைப் பிடித்துவிட்டார். மெதுவாக நகர்த்திக்கொண்டு போய், முதல் ஓட்டையில் வைத்தார். பிறகு அடுத்ததில். "இங்கண்ணே. ரெண்டும் நடுவுக்குக் கிட்டத்துலதான்" என்றார். இரண்டு முறை இருமினார். சுண்ணாம்புத் தூசி அப்பாவுக்கு எப்போதும் ஒத்துக்கொள்வதில்லை.

மேலே ஏறும்போது அப்பா பெரியப்பாவின் கையை விடவில்லை. "பள்ளம் இருக்கு, பாத்து வாங்கண்ணே" என்றார். சற்று முன்வரை நீ, வா, போ என்று பேசியவர் வாங்க, போங்க என்று பேச ஆரம்பித்ததை நான் குறித்துக்கொண்டேன். பெரியம்மா கையில் துப்பாக்கியைப் பார்த்ததும் அப்பா பயந்துவிட்டார் என்று வழக்கை முடித்தேன். எனக்குக் கடுங்கோபம். அவ்வளவு பாடுபட்டுத் துப்பறிந்திருக்கிறேன், ஒருவருக்கும் தண்டனை இல்லை.

சர்க்கரை பெரியப்பாவின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பஸ் போர்டையும் தோட்டாப் பெட்டியையும் படித்துக் காட்டியவளுக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்ட வேண்டும் என்று அப்பா உத்தரவு போட்டார். கோட்டைவிட்ட உளவாளிக்குக் கொடுத்த தண்டனை அது என்று எடுத்துக்கொண்டேன். விளையாடப் போகும் அவசரத்தில் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிப்பேன். சில நாள் பாதிப் பக்கத்தையே விட்டுவிடுவேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள்கூடக் கண்டுபிடித்ததில்லை. இவ்வளவு எளிதாக ஏமாறுகிற மனிதரையா போயும் போயும் சந்தேகப்பட்டோம் என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.