தேரைகள் பூச்சியம்

மருதமுனை அஸ்பியா விலங்கியலில் பட்டம் வாங்கி, ஐந்து வருடம் வேலைக்காகக் காத்திருந்து, கடைசியில் கல்முனைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனாள். எதை அபிவிருத்தி செய்வது என்று நியமனக் கடிதத்தில் இல்லை. அவளைப் போலவே பதினெட்டுப் பேர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். காலையில் ஒரு கையொப்பம், மாலையில் ஒரு கையொப்பம், நடுவில் தேத்தண்ணி.

இப்படியே இரண்டு வருடம் போனது. ஒருநாள் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்தது. பிரதேசத்தில் தவளை இனங்கள் எத்தனை, தேரை இனங்கள் எத்தனை என்று இரண்டு நிரல்களில் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். அலுவலகத் தலைவர் மீராசாஹிபு அவளைக் கூப்பிட்டார்.

"மகள், நீங்கதானே தவளை படிச்ச ஆள்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் ஏழு வருடமாக இருந்தாள்.

மாரி தொடங்கியிருந்தது. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொறிக்கல்முனை வரம்புகளில் சேறு மிதித்தாள். வயல்காரர் பூபாலசிங்கம் தன் பங்குக்கு வகைப்படுத்திக் கொடுத்தார்.

"மூண்டு சாதிதான் பிள்ளை. கத்துறது, பாயுறது, செருப்புக்குள்ள குந்திக்கிடக்கிறது."

அதையும் எழுதிக்கொண்டாள். ஆறு வாரத்தில் பதினொரு இனம் தேறியது.

படிவம் நிரப்பும்போதுதான் சிக்கல் வந்தது. விஞ்ஞானப்படி வாலில்லாத இந்தப் பிராணிகள் எல்லாம் ஒரே வருணம் என்னும் பெரும்பிரிவு, எல்லாமே தவளைதான். தேரை என்று நாம் சொல்வது அதற்குள் ஒரு குடும்பம். தோல் சொரசொரப்பாக, கால் கட்டையாக இருப்பதால் ஊர் வைத்த பெயர். பழம் எத்தனை, மாம்பழம் எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டால் என்ன செய்வது? அவள் இடது நிரலில் பதினொன்று, வலது நிரலில் பூச்சியம் என்று போட்டு, 'தேரைகளும் தவளைகளே. இடது நிரலில் சேர்க்கப்பட்டுள்ளன' என்று கீழே குறிப்பும் எழுதினாள். கணினிப் படிவத்தில் குறிப்புக்கு இடமில்லை. பதிந்தவர் அதை விட்டுவிட்டார்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. உங்கள் பிரதேசத்தில் தேரை இனம் அற்றுப்போனது குறித்து ஆழ்ந்த கவலை கொள்கிறோம். உடனடியாக மீள அறிமுகம் செய்யவும்.

அஸ்பியா ஓடிப்போய் விளக்கினாள். மீராசாஹிபு பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க செல்றது சரியா இரிக்கும் மகள். ஆனா இல்லெண்டு எழுதிட்டம். இப்ப இரிக்கி எண்டா விளக்கம் கேப்பாங்க. விழாவ வெச்சிருவம். நீங்க ஒரு தேரையக் கொண்டு வாங்க."

"அழிஞ்சிபோனத எங்க சேர் புடிக்கிற?"

"ஏன், உங்கட ஊட்டுல இல்லியா?"

இருந்தது. குளியலறை வாளிக்குப் பின்னால் இரண்டு. கணவன் நளீர் ஒன்றைப் பிடித்து, ஐஸ்கிறீம் பெட்டியில் ஓட்டை போட்டு, "அரச ஊழியர், கவனம்" என்று சொல்லிக் கையில் கொடுத்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வாய்க்கால் கரையில் பந்தல். பனரில் பச்சை மரத்தவளையின் படம். பிரதம அதிதி வந்துசேர அஸர் தொழுகை கழிந்து வெகுநேரமாகி, மழையும் தூறத் தொடங்கிவிட்டது. அவர் தேரையை இரு கைகளிலும் ஏந்தினார். அது அவர் கையிலேயே சிறுநீர் கழித்தது. படம் எடுத்து முடியும்வரை அவர் சிரிப்பை விடவில்லை.

இறக்கிவிட்டதும் அது மதகுக்குள் பாய்ந்தது. மழைக்குக் குஷியான ஊர்த் தேரைகள் அங்கிருந்து ஒன்றாகக் கத்தத் தொடங்கின. ஒலிபெருக்கி தோற்றுப்போனது.

"பாருங்க! உட்ட உடனேயே பெருகிட்டு!" என்றார் பிரதம அதிதி. பலத்த கைதட்டல்.

அஸ்பியா கைதட்டவில்லை. கத்துவது ஆண் தேரைகள் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு, குரல் குரலாகப் பிரித்து எண்ணினாள். முப்பத்தொன்று வரை வந்தபோது தேசிய கீதம் போட்டார்கள். எழுந்து நின்றாள்.