ஓட்டை வைத்த மெத்தை

அந்தத் தெருவில் அவளுக்கு மெத்தைக்காரி என்று பெயர். பெயரைக் கேட்டு அவள் மெத்தையில் படுத்துப் புரண்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டில் இருந்தது பாய்தான். மெத்தைக் கடையில் ஓரம் தைப்பது அவள் வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் தைத்த மெத்தையில் குறட்டை விட்டார்கள். அதில் ஒருத்தருக்கும் அவள் முகம் தெரியாது, அவளுக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

அவள் கவலையெல்லாம் புருஷனைப் பற்றித்தான். கிடங்கில் மூட்டை தூக்குகிற அவனுக்கு லாரி என்று பெயர். ஒருமுறை சரக்கு வண்டி தெருமுனையிலேயே படுத்துவிட, வீம்புக்கு மொத்தச் சரக்கையும் முதுகில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அன்றைக்கு வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

லாரிக்கு எடை என்றால் பயம் கிடையாது. வலி என்றால்தான் உயிர் போய்விடும். பல்வலி வந்தால் தெருவுக்கே தெரியும். கால் நகம் பெயர்ந்ததற்கு, விருந்துக்குப் போகிறவன் மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். அங்கே நர்ஸ் கட்டுப்போடுவதற்குள் கண்ணீர் விட்டான். வீட்டுக்கு வந்து மெத்தைக்காரி அதை நடித்துக் காட்ட, அவனே விழுந்து விழுந்து சிரித்தான். இவ்வளவு பயந்த சுபாவக்காரன் உடம்பில் எது வந்தாலும் உடனே தெரிந்துவிடும் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கைதான் அவளைக் கவிழ்த்தது.

ஒருநாள் அவன் குளிக்கும்போது முதுகு தேய்த்துவிட்டாள். வலது தோளுக்குப் பின்னால், கழுத்து இறங்குகிற இடத்தில் விரலுக்கு ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லையே. கூச்சமா இருக்கு, விடு."

"என்னங்க இது?"

"மூட்டை தூக்குறவன் தோளு பின்ன எப்படி இருக்கும்? உன் மெத்தை மாதிரியா இருக்கும்?"

அவளும் சிரித்துவிட்டாள். மறுநாள் அவன் கிடங்கில் சட்டையைக் கழற்றிக் காட்டியபோது அங்கே ஒரே கொண்டாட்டம். மூட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தோளில், பிடரியில் தோல் காய்த்துத் தடித்திருக்கும். அதைத் திமில் என்பார்கள். அது இல்லாதவனை இன்னும் வேலைக்கு வராதவன் போலத்தான் நடத்துவார்கள். அவனுடைய ஜோடிக்காரர் மீசை அண்ணன் தடவிப் பார்த்துவிட்டு, "லாரிக்குத் திமில் வந்துடுச்சுடா! இனிமேதான்டா நீ முழு ஆளு!" என்று கத்தினார். மீசை அண்ணனுக்கு மீசை கிடையாது. ஏதோ பந்தயத்தில் தோற்று மழித்துவிட்டார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. அன்றைக்கு எல்லோருக்கும் லாரி செலவில் டீ.

மற்றவர்களுக்கு வந்தது தோல்மேல் வந்த தடிப்பு. வருஷக்கணக்கில் மூட்டை உரசி உரசித் தட்டையாகப் படர்ந்தது. இவனுக்கு வந்தது தோலுக்கு அடியில், உருண்டையாக. தடவிப் பார்த்த அத்தனை கைகளில் ஒன்றுக்குக்கூட அந்த வித்தியாசம் உறைக்கவில்லை. அத்தனையும் நல்லவர்களின் கைகள், அதுதான் வயிற்றெரிச்சல்.

வலி இல்லை என்றாலும் மூட்டை அந்த இடத்தில் உட்காரும்போது இடைஞ்சலாக இருந்தது. மெத்தைக்காரி எதற்கு இருக்கிறாள்? கடையில் வெட்டிப் போட்ட நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்துவந்து, தோள் வளைவுக்கு அளந்து, கெட்டித் துணி போர்த்தி, குட்டியாக ஒரு மெத்தை தைத்தாள். அந்த உருண்டை அழுந்தாமல் இருக்க நடுவில் ஓர் ஓட்டை வைத்தாள். ஓட்டைக்கு அளவு வேண்டுமே? அவன் சட்டைப் பட்டனைப் பஞ்சின்மேல் வைத்துச் சாக்கட்டியால் சுற்றி வரைந்தாள். சரியாக இருந்தது.

அந்தத் தோள்மெத்தை கிடங்கில் பெரிய பேச்சானது. லாரி அதைப் போட்டுக்கொண்டு நடந்த நடையைப் பார்க்க வேண்டும். "பொண்டாட்டி கை வேலைடா, தொட்டுப் பாத்துட்டுக் குடு" என்று ஆளாளுக்குக் காட்டினான். ஆசைப்பட்டுக் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஓட்டை இல்லாமல் ஒவ்வொன்று தைத்துக் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் தைத்ததை உபயோகிக்கிறவர்கள் அவளைத் தெருவில் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை.

கொஞ்ச மாதத்தில் ஓட்டை பத்தவில்லை என்றான். பழைய மெத்தையைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று தைத்தாள். இந்தத் தடவை தண்ணீர் பாட்டில் மூடி அளவு. அடுத்த தடவை தைல டப்பாவின் மூடி. பழையவற்றைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது, பஞ்சு ஆயிற்றே. ஒரு துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்தாள்.

"ஏங்க, பெருசாகிட்டே போகுதே?"

"வேலை ஜாஸ்தியாகுதுல்ல? அதுவும் ஜாஸ்தியாகும்."

கணக்கு சரியாகத்தான் தோன்றியது. அந்தச் சமயத்தில் அவன் சட்டைகளும் தொளதொளவென்று ஆகிவிட்டன. சாப்பாடு இறங்கவில்லை, சாயங்காலம் வந்ததும் சாய்ந்துவிடுவான். வெயில், வேலை, வயசு என்று எதையாவது சொல்வான். அவள் சட்டைகளின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் ஓட்டையைப் பெரிதாக்கினாள், இன்னொரு பக்கம் சட்டையைச் சின்னதாக்கினாள். இரண்டையும் ஒரே ஊசியால்தான் செய்தாள்.

நாலாவது மெத்தைக்கு அளவெடுக்க ஒரு காலையில் அவனை ஸ்டூலில் உட்கார வைத்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தான். டப்பா மூடியும் இனி ஆகாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவன் குடித்து முடித்த கிளாஸை வாங்கித் துடைத்து, வாய்ப்பக்கமாகக் கவிழ்த்து அவன் தோளில் வைத்தாள். கிளாஸ் உட்காரவில்லை. திருப்பி வைத்தாள், சாய்த்து வைத்தாள். அது தோளைத் தொடாமல் அந்த உருண்டையின்மேலேயே நின்றது.

பட்டன், பாட்டில் மூடி, டப்பா மூடி, கிளாஸ். இவ்வளவு நாளும் ஒவ்வொன்றாகத்தான் எடுத்தாள். நாலையும் சேர்த்து நினைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன, அளவு எடுத்தாச்சா?" என்றான்.

"சட்டையைப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்கு? வலியே இல்லையே!"

"அதான் எனக்கு பயமா இருக்கு. எந்திரிங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். ஆனால் லாரியின் தோளில் கை வைத்ததும் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டாள். எப்போது வந்தது, முதலில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று கேட்டாள். "கொஞ்ச நாளாத்தான் மேடம்" என்றான் லாரி. மெத்தைக்காரி மனசுக்குள் பட்டன், மூடி என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் குத்திக் கொஞ்சம் சதை எடுத்தார்கள், ரிசல்ட்டுக்கு மறுபடி வரச் சொன்னார்கள்.

அடுத்த முறை போகும்போது அவள் ஆணியிலிருந்து அந்தத் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவின் மேஜைமேல் மூன்று மெத்தைகளையும் எடுத்து வைத்தாள். ஏதோ அன்பளிப்பு என்று நினைத்து டாக்டரம்மா முதலில் வேண்டாம் என்பது போலச் சிரித்தாள்.

"நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, எப்படி வளந்துச்சுன்னு. இது முதல்ல தச்சது. இது அடுத்து. இது போன மாசம் வரைக்கும் போட்டிருந்தது."

டாக்டரம்மா மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வோர் ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு ரிசல்ட்டைச் சொன்னாள். சதையில் வருகிற புற்றுநோய். நுரையீரல்வரை போய்விட்டது.

"மேடம், இதோட வந்திருந்தா?" மெத்தைக்காரி முதல் மெத்தையைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டரம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இதோட வந்திருந்தா, அநேகமா கட்டிய மட்டும் எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்மா. உங்களைக் குத்தம் சொல்லல. நிறைய பேரு இப்படித்தான் வலிக்கட்டும்னு காத்திருக்காங்க. உடம்புல வர்ற கட்டியில முக்காவாசி ஒண்ணுமே இருக்காது. ஆனா அது எதுன்னு வீட்ல உக்காந்து சொல்ல முடியாது. புதுசா ஒரு கட்டி வந்து ரெண்டு மூணு வாரத்துல போகலையா, வளந்துகிட்டே இருக்கா, வலி இருக்கோ இல்லையோ வந்து காட்டிடணும்."

வெளியே வந்ததும் லாரி பையை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, "எப்படி விரலை விட்டு விட்டுப் பாத்தாங்க, கவனிச்சியா? டாக்டரே அசந்துட்டாங்க உன் தையல்ல" என்றான். அவளைத் தேற்றத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு மருந்து ஏறியது, அவன் இறங்கிக்கொண்டே வந்தான். ஒரு லாரிச் சரக்கைச் சுமந்தவனை அவள் ஒற்றை ஆளாகத் தூக்கித் திருப்பிப் படுக்க வைத்தாள். மெத்தைக் கடை முதலாளி ஒரு மெத்தையைக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு வந்த முதல் மெத்தை அதுதான். படுத்துப் படுத்து இடுப்பில் புண் வந்தபோது, அது அழுந்தாமல் இருக்க அவள் மறுபடியும் பஞ்சை எடுத்து வட்டமாகத் தைத்தாள்.

"இதுலயும் ஓட்டைதானா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். வலி என்றால் தெருவையே கூட்டுகிறவன், கடைசியில் வந்த வலிக்குச் சத்தமே போடவில்லை. அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதாம். ஒரு விடியற்காலையில், அவள் கையைப் பிடித்தபடியே போய்விட்டான். கிடங்கு ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். நாலு பேர் தூக்கினார்கள், இரண்டு பேரே போதும் என்றிருந்தது.

பிறகு அவள் மறுபடி கடைக்குப் போனாள், ஓரம் தைத்தாள். தோள்மெத்தை மட்டும் யார் கேட்டாலும் தைத்துக் கொடுக்கவில்லை. ஒருநாள் மீசை அண்ணன் கடை வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நீ தைக்கிறதில்லன்னு தெரியும். இருந்தாலும் எனக்கு ஒண்ணு வேணும்மா. இங்க ஒண்ணு வந்திருக்கு. சின்னதுதான், வலியெல்லாம் இல்ல. மூட்டை வைக்கிறப்ப இடிக்குது. ஒரு ஓட்டை மட்டும் வச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவர், தான் சொல்வது காதில் விழுந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். அவள் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பட்டன் அளவு. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னாள், மீசை அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். "வேலை இருக்கு தங்கச்சி", "நாளைக்குப் போலாம்", "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வழியெல்லாம் அவர் சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை.

அதே டாக்டரம்மாதான் இருந்தாள். அமுக்கிப் பார்த்தாள், ஸ்கேனுக்கு அனுப்பினாள், திரும்பி வந்ததும் படத்தைப் பார்த்தாள். "வெறும் கொழுப்புக்கட்டிதான். பயப்பட ஒண்ணுமில்ல. பெருசானா, கெட்டியானா உடனே வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவர்கள் எழுந்து போகும்போது மெத்தைக்காரியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

மீசை அண்ணன் வராந்தா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, "ஒண்ணுமில்லையாம் தங்கச்சி, ஒண்ணுமில்லையாம்!" என்று சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்த மெத்தைக்காரி அழ ஆரம்பித்தாள். புருஷன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நல்ல சேதிக்கு எதற்கு இப்படி அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. "அழாதம்மா, அதான் எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"இவ்வளவுதானாண்ணே?" என்றாள். "ஒரு காலை வேளை. இவ்வளவுதானா?"

மீசை அண்ணனின் சிரிப்பு நின்றது. அவருடைய கை, லாரியின் தோளைத் தடவிப் பார்த்துத் திமில் என்று கத்திய அதே கை, அவள் முதுகிலிருந்து தானாக இறங்கியது. இரண்டு பேரும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார்கள். வேறு யார் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டு உள்ளே போனார்கள்.

கடைக்குத் திரும்பி வந்ததும் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, மூலையில் கிடந்த பஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்தாள்.

"சட்டையில இருந்து ஒரு பட்டன் குடுங்கண்ணே."

அவர் பிய்த்துக் கொடுத்தார். அவள் அதைப் பஞ்சின்மேல் வைத்துச் சாக்கட்டியால் சுற்றி வரைந்தாள்.

"இந்த ஒரு ஓட்டை தைச்சுத் தரேன். ரெண்டாவது ஓட்டை கேட்டு மட்டும் என்கிட்ட வராதீங்க. நேரா அங்க போயிடுங்க."