கோழி வண்டியின் கடைசி ஓட்டை

எத்தனை முறை சோப்புத்தூள் போட்டுக் கழுவியும் அந்த வேனிலிருந்து கோழி நாற்றம் போகவில்லை. வெயில் ஏறித் தகரம் சுட ஆரம்பித்தால், ஈரத் தவிடும் எச்சமும் கலந்த காரமான வாடை இடுக்குகளிலிருந்து எழுந்து வரும். பல்லடத்துப் பண்ணைகளில் கறிக்கோழி ஏற்றிய வண்டி அது. அப்பா அதை மலிவாக வாங்கிவந்து எங்கள் பீளமேட்டு வீட்டு வாசலில் நிறுத்தி, இதையே ஒரு வீடாக மாற்றி மலைக்குப் போகப்போகிறோம் என்றார். அப்போது எனக்குப் பத்து வயது. தங்கை ஸ்டெல்லாவுக்கு நான்கு.

அப்பா பம்ப்செட் கம்பெனியில் பிட்டராக இருந்தார். கசியாத பம்புதான் அவருக்கு நல்ல பம்பு. வண்டியையும் அவர் அந்தக் கணக்கில்தான் செய்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய கட்டில் சட்டத்தில் மடக்குப் படுக்கை, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு, கண்ணாடி உடையும் என்று ஜன்னல்களுக்கும் தகரக் கதவு என ஒவ்வொன்றாக ஏற்றினார். கோழிகள் மூச்சுவிடப் பக்கத் தகரத்தில் வரிசையாகப் போட்டிருந்த காசளவு ஓட்டைகளைத் தகரம் வைத்துப் பற்றவைத்து, மேலே "பட்டி" பசை பூசி அடைத்தார். கதவுகளுக்கெல்லாம் ரப்பர்.

எதிர்வீட்டுத் தாமஸ் மாமா வேலியருகே நின்று, "ஏனுங்க, வண்டி செய்யறீங்களா, பம்ப்செட்டு செய்யறீங்களா? உள்ள தண்ணி ஊத்தி மீனு வளக்கலாமாட்ட இருக்குதுங்க" என்பார். அப்பா நிமிராமலே, "மலைப்பனி உள்ள வந்தா புள்ளைகளுக்குச் சளி புடிச்சுக்குமுங்க" என்பார்.

சோதனை என் வேலை. பட்டப்பகலில் என்னை உள்ளே உட்காரவைத்து எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, "எங்காச்சும் வெளிச்சம் தெரியுதா கண்ணு?" என்று வெளியிலிருந்து கேட்பார். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்த இடத்தை நான் உள்ளிருந்து தட்ட, அவர் வெளியே சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள்வார். கடைசி ஓட்டை படுக்கைக்கு அடியில் இருந்தது. குனிந்து படுத்தால் ஒழிய யார் கண்ணிலும் படாது. நான் படுத்துப் பார்த்தேன். அதற்காக அப்பா எனக்கு ஒரு முழுத் தேங்காய் பன் வாங்கித் தந்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் கோத்தகிரிக்கு ஏறினோம். பாதி மலையில் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. பிற்பகல்தான், ஆனால் சாரலும் பனியும். அம்மா வெளியே கரியை விசிறிப் பற்றவைத்து, புகை அடங்கியதும் "குமுட்டி" அடுப்பை உள்ளே வைத்துக் காப்பி போட்டாள். பிறகு கங்கு அணையாமல் கிடக்கட்டும், பிள்ளைகளுக்குக் கதகதப்பு என்று விட்டுவிட்டு, "கதவத் தொறக்காதீங்க, குளிரு வந்துரும்" என்று சாத்திக்கொண்டு, அப்பாவுக்குத் தண்ணீர் பிடித்துத் தரப் போனாள்.

தலை வலித்தது. ஸ்டெல்லா என் மடியில் தூங்குவதாகத்தான் நினைத்தேன். கங்கின் சிவப்பைத் தவிர உள்ளே எங்கும் ஒரு வெளிச்சப் புள்ளி இல்லை. அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

துணி எடுக்க வந்த அப்பா கதவைத் திறந்ததால் பிழைத்தோம். எனக்குத் தெரிந்த அடுத்த விஷயம் முகத்தில் விழுந்த சாரல். தேயிலை ஏற்றிப்போன லாரி ஒன்று எங்களைக் கோத்தகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தது. மூடின வண்டிக்குள் கரிக்கங்கு கக்கிய விஷவாயு என்றார் டாக்டர். பொழுது சாயும்வரை ஸ்டெல்லா கண் திறக்கவில்லை. அம்மா ஒரே ஒரு முறைதான் பேசினாள்: "கோழிக்கு உட்ட காத்தக்கூட நம்ம புள்ளைகளுக்கு உடலீங்களே."

கடைசி ஓட்டையைக் கண்டுபிடித்தது யார் என்று நான் சொல்லவில்லை. விளக்குப் போட்டபின் ஸ்டெல்லா கண் விழித்து, தின்ன வர்க்கி வேண்டும் என்றாள்.

மறுநாள் அப்பா வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுவந்து, துளைபோடும் மிஷினைக் கேட்டு வாங்கி, அடைத்த ஓட்டைகளையெல்லாம் அதே இடங்களில் மறுபடி போட்டார். காற்று விசில் அடிக்க, மலை இறங்கினோம்.

வண்டி உக்கடத்தில் பழைய இரும்புக்குப் போனது. அப்பாவும் இப்போது இல்லை. ஸ்டெல்லாவுக்கு எதுவும் நினைவில்லை, கேட்டால் சிரிக்கிறாள். எனக்கு மட்டும், இந்த வயதிலும் ஜன்னல் சாத்திய அறையில் தூக்கம் வருவதில்லை.

இப்போது என் மகள் ஒரு பழைய வேனை வாங்கி வீடாக்கிக்கொண்டிருக்கிறாள். கூரையில் காற்றாடி, விஷவாயு வந்தால் அலறும் கருவி, எல்லாம் வைத்திருக்கிறாள். போன ஞாயிறு, காற்றாடியின் மூடியை இறக்கிவிட்டு, "அம்மா, மழைக்கு முன்னாடி பாத்துரலாம். உள்ள ஒக்காருங்க, எங்காச்சும் வெளிச்சம் வருதான்னு சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினாள். இந்தச் சோதனையை நான் அவளுக்குச் சொல்லித் தந்ததே இல்லை.

பின்கதவின் கீழ்க் கீலருகே ஒரு ஊசிமுனை வெளிச்சம், நேராக என் முழங்காலில் விழுந்தது.

"தெரியுதுங்களாம்மா?"

அதைக் கையால் மறைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் தெரியல கண்ணு," என்றேன். "கதவத் தொற."