பட்டனை விட்டால்தான் கேட்கும்

எனக்கு வாய் நீளம். பெரம்பலூரில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மோட்டார் எரிந்து போய் வருகிற விவசாயி, செலவை நினைத்துப் பயப்படுவதற்கு முன்னால் என் வாயை நினைத்துப் பயப்படுவார். "தண்ணி இல்லாத கெணத்துல மோட்டார ஓட விட்டுட்டு எங்கிட்ட தூக்கிக்கிட்டு வந்தா நான் என்ன மழையா பெய்ய வைக்கிறது?" என்பேன். அவர்களும் சிரித்துக்கொண்டு போவார்கள். கடையை மூடிய பிறகு என்னோடு பேச ஆள் கிடையாது. கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், கடைசியில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். பகலெல்லாம் நான் இவ்வளவு பேசுவதற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு ஒரே ஒரு கூட்டாளி. லப்பைக்குடிக்காட்டுக்காரன். ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் நான் காயில் கட்டப் போனேன், அவன் வளைகுடாவுக்கு ஏசி மெக்கானிக்காகப் போனான். பெண்டாட்டி, பிள்ளைகள் ஊரில்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவான். வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஒரு வண்டி, நான் ஒரு வண்டி. அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகத் தா.பழூர் போய், கொள்ளிடக் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம். கோயில், குளம் என்று எந்த உத்தேசமும் இல்லை. பேசிக்கொண்டே போவதுதான் உத்தேசம். இரண்டு வண்டியையும் ஒட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டு கத்திப் பேசுவோம். பின்னால் வருகிற சிமெண்டு லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே எங்கள் இருவரின் வம்சத்தையும் விசாரித்துவிட்டுப் போவான்.

அந்த ஏச்சு தாங்காமல்தான் ஒரு லீவில் அவன் ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கி வந்தான். உள்ளங்கை அளவு. செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் ஹெல்மெட்டுக்குள் போகும், அதில் காதுக்கு ஒரு ஸ்பீக்கரும் வாய்க்கு நேரே ஒரு மைக்கும். இன்னொரு வயரில் ஒரு பட்டன். அதை இடது கைப்பிடியில் கட்டிவிட்டோம். பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. வெட்டவெளியில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் எடுக்கும், மரமும் வீடும் குறுக்கே வந்தால் அதில் பாதி.

நான் பேசி முடித்தேன், இனி நீ பேசு என்பதற்கு ஒரு வார்த்தை வேண்டுமல்லவா? போலீஸ்காரர்கள் மாதிரி 'ஓவர்' சொல்ல எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அதனால் 'சொல்லு' என்று வைத்துக்கொண்டோம். "முன்னால பள்ளம் இருக்கு, சொல்லு." "பாத்துட்டேன், சொல்லு." "பசிக்குது மாப்ள, சொல்லு." இப்படியே போகும். முதல் நாள் கொள்ளிடக் கரையில் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தபோதும் பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சொல்லு, சொல்லு என்றே பேசியதில், பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எனக்கு ஒரே சங்கடம், அந்தப் பட்டன். நான் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்கிறவன் இல்லை. கட்டைவிரல் மரத்துப் போகும், கிளட்ச் வேறு பிடிக்க வேண்டும். நானோ கைவேலைக்காரன். பார்சல் கட்டுகிற ரப்பர் பேண்டு ஒன்றைக் கைப்பிடியில் மாட்டி வைத்தேன். நீளமான கதை என்றால் அதைப் பட்டன் மேல் இழுத்து விட்டுவிடுவேன், பட்டன் அழுந்தியே இருக்கும். "பேண்டு போடுறேன்" என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவேன். அவன் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் வாய் திறக்க முடியாமல் கேட்டுக்கொண்டே வருவான். திறந்தாலும் எனக்குக் கேட்காது. "ஒன் பேண்டு அந்து போவ" என்று ஒருநாள் கொள்ளிடக் கரையில் சாபம் கொடுத்தான்.

அந்த லீவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கிளம்பிவிட்டோம். பேரளி தாண்டியதும், சோளக்காட்டுக்கு நடுவே போகும்போது, அவன் குரல் வந்தது.

"மாப்ள, எனக்கு அங்க போதும்னு தோணுது. திரும்பிப் போவாம இங்கயே இருந்துடலாமான்னு பாக்குறேன். ஒங்கடைக்குப் பக்கத்துலயே ஏசி சர்வீஸ் போட்டா ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம். வூட்ல இன்னும் சொல்லல. மொதல்ல ஒன்னயத்தான் கேக்குறேன். வரட்டுமா? சொல்லு."

என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கண் கலங்கிவிட்டது, ஹெல்மெட்டுக்குள் துடைக்கவும் முடியவில்லை. ஒரே வார்த்தை, வாடா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் என் குரலில் நடுக்கம் தெரிந்துவிடும் என்று கூச்சம். "பேண்டு போடுறேன்" என்றேன். போட்டுவிட்டு, ஏசி சர்வீசுக்கு எந்த இடம் சரி வரும், எவன் எவன் போட்டிக்கு வருவான், இவன் தமிழில் பாதி மறந்து போனதால் வாடிக்கையாளர்கள் எப்படித் திண்டாடுவார்கள் என்று கேலியும் கிண்டலுமாக ஓட்டினேன். அரியலூர் வந்தது, போனது. நான் நிறுத்தவில்லை. அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

ஜெயங்கொண்டம் சாலையில் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடை. அதற்கு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பெட்ரோல் பங்க். அவன் என் பக்கத்தில் வந்து, பேசினால் எனக்குக் கேட்காது என்று தெரிந்ததால், டேங்கைத் தட்டிக் காட்டினான். நான் டீக்கடையைக் காட்டினேன். அவன் நேரே போனான்.

வண்டியை விட்டு இறங்கினால் வயரையெல்லாம் கழற்ற வேண்டும். அந்தச் சோம்பலில் ஹெல்மெட்டை மட்டும் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே டீ வாங்கிக் குடித்தேன். டீ மாஸ்டருக்கு எங்கள் இருவரையும் நன்றாகத் தெரியும்.

"கூட்டாளி எப்ப திரும்புறாரு?" என்றார்.

"திரும்பலையாம். இங்கயே கடை போடப் போறாராம்."

"நல்லதாப் போச்சுங்க. நீங்களும் ஒண்டிக்கட்டையா கெடக்குறீங்க. ஒங்களுக்கும் ஒரு தொணை."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. வழியில் டீ குடிக்க நிற்கிற கடைக்காரருக்குக் கூட என் தனிமை தெரிகிறது என்றால், ஊருக்கெல்லாம் தெரியும் என்றுதானே அர்த்தம்? கோபம் அவர் மேல் வந்தது. வாய் வேறு பக்கம் போனது.

"எனக்கு என்னாத்துக்குங்க தொணை? ரெண்டு வருசத்துக்கு ரெண்டு மாசம்னா தாங்கலாம். வருசம் பூரா இந்த ஆள யாரு கட்டி மேய்க்கிறது? அவன் பிளேன் ஏறுனாத்தான் எனக்கு நிம்மதி. அங்கயே கெடக்கட்டும்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். டீயைக் குடித்து முடித்துக் கிளாசைக் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபோதுதான் விரலில் ரப்பர் பேண்டு தட்டுப்பட்டது. பட்டன் மேல் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. ஹெல்மெட், அதற்குள் மைக், எல்லாம் என் வயிற்றுக்கு நேரே டேங்க் மேல்தான் இருந்திருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பேண்டை உருவினேன். அந்த நொடியில் அவன் குரல் காதில் விழுந்தது.

"...சொல்லு."

அவ்வளவுதான். ஒரு பேச்சின் கடைசி வார்த்தை. அதற்கு முன்னால் அவன் பேசியதெல்லாம், ஒரு வரியோ பத்து வரியோ, என் அழுந்திய பட்டனில் முட்டித் திரும்பிவிட்டது. பிறகு வெறும் இரைச்சல்.

"என்ன சொன்ன? பேண்டு போட்டுருந்தேன், கேக்கல. திரும்பச் சொல்லு. சொல்லு" என்றேன்.

இரைச்சல். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணுல்ல. பெட்ரோல் போட்டாச்சு. வா. சொல்லு" என்றான்.

அன்று தா.பழூர் வரை "பள்ளம்", "மாடு", "லாரி" தவிர அவன் வேறெதுவும் பேசவில்லை. வழியெல்லாம் நடவு முடிந்த வயல். கொள்ளிடக் கரையிலும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டானா என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஆமாம் என்பான், அதற்கப்புறம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? நாலு நாள் கழித்துக் கடைக்கு வந்தான். "மொதலாளி விட மாட்டேங்குறாரு மாப்ள. இன்னொரு ரெண்டு வருசம் போட்டுட்டேன். அப்பறம் பாப்போம், இன்ஷா அல்லாஹ்" என்றான். அவனுடைய செட்டை மேசை மேல் வைத்தான். "ரெண்டையும் நீயே வச்சுக்க."

அந்த இரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்தான். நல்லா இருக்கியா, இருக்கேன். சாப்டியா, சாப்ட்டேன். போனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். ஆனாலும் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகப் போனேன். ஒரு செட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். இன்னொன்று கடை மேசையில் கிடந்தது. ஒருநாள் அதையும் ஆன் செய்து வைத்துவிட்டுக் கிளம்பி, அரியலூர் சாலையில் அது எட்டுகிற தூரம் வரை அதோடு பேசிக்கொண்டே போனேன். பூட்டிய கடைக்குள் என் குரல் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்திருக்கும். நினைத்தால் எனக்கே என் மேல் பரிதாபமாக இருக்கிறது.

ஒருமுறை அரியலூரைத் தாண்டிச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பக்கம் போனபோது செட்டில் ஆள் குரல் வந்தது. "ரெண்டாவது வண்டி லோடு ஏறியாச்சா?" என்று யாரோ யாரையோ கேட்டார்கள். மனசு குதித்தது. வண்டியை ஓரம் கட்டிப் பட்டனை அழுத்தி, "வணக்கம், நான் பெரம்பலூர்லேருந்து பேசுறேன்" என்றேன். "எந்த ஊரா இருந்தா என்னய்யா? லைன விட்டுப் போய்யா, வேல நடக்குது" என்று பதில் வந்தது. நியாயம்தான். ஆனாலும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, இரண்டாவது வண்டிக்கும் மூன்றாவது வண்டிக்கும் லோடு ஏறுகிற வரை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

போன மாசம் அவன் லீவில் வந்தான். இந்த முறை இருபதே நாள். கடைக்கு வந்து ஒரு சின்ன டப்பாவைத் திறந்தான். ஹெல்மெட்டில் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்கிற புது மாதிரி செட், ஒரு ஜோடி. வயர் கிடையாது.

"இதுல பேசறதுக்குப் பட்டனே கெடையாது மாப்ள. ரெண்டு பக்கமும் எப்பவும் தொறந்தே இருக்கும். ரப்பர் பேண்டு வேணாம்" என்று சொல்லிச் சிரித்தான்.

நானும் சிரித்தேன். கேட்டிருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பெரம்பலூரை விட்டு வெளியே வந்ததும் முதலில் காதில் விழுந்தது அவன் மூச்சு. அவ்வளவு பக்கத்தில் ஒரு மனிதன் மூச்சு விடுவதைக் கேட்டு எனக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. என் மூச்சும் அவனுக்குக் கேட்டிருக்கும். பேச எந்தத் தடையும் இல்லை, அதனாலோ என்னவோ பேச்சு வரவில்லை. அரியலூர் வரை இரண்டு மூச்சும்தான். டீக்கடை வந்தது. இருவருமே நிற்கவில்லை.

அதைத் தாண்டியதும் நான் சொன்னேன். "அன்னிக்கு நீ வரட்டுமான்னு கேட்டப்ப நான் பதில் சொல்லல. வந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்டா. டீக்கடையில பேசுனது சும்மா. தனியா கெடக்குறேன்னு அந்த ஆளு சொன்னதும் ரோசத்துல பேசிட்டேன்."

மூச்சு ஒரு கணம் நின்று, திரும்ப ஓடியது.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றான். குரலில் கோபம் இல்லை. "இப்ப வூட்டுக்காரியையும் புள்ளைங்களையும் அங்கயே கூட்டிக்கிட்டேன். புள்ளைங்க அங்க ஸ்கூல்ல சேந்தாச்சு. இனிமே இங்க எங்க மாப்ள?"

கொஞ்ச தூரம் போன பிறகு, "அன்னிக்கு நான் பேண்ட எடுக்குறதுக்கு முன்னாடி என்னமோ சொன்னியே, அது என்ன?" என்றேன்.

"அதுவா? ஒனக்குக் கேக்காதுங்கிற தைரியத்துல சொன்னது. அதப் போயி இப்ப கேக்குற."

எதிரே லாரி ஒன்று வந்தது. ஒதுங்கினோம். புழுதி அடங்கியதும், பழக்கதோஷத்தில், "சொல்லு" என்றேன். அந்தச் செட்டில் அந்த வார்த்தைக்கு வேலையே இல்லை. தா.பழூர் வரை அவன் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது.