அவஸ்தைக்காரர் பெரியநாயகம்

பெரியநாயகம் கருப்பு அட்டை போட்ட செபப்புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினால், எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொள்ளும். வெயிலுக்காகச் சாத்துவதுபோல் மெல்லச் சாத்துவார்கள். அதில் ஒரு மரியாதை வேறு! நானும் சாத்தியவள்தான். இன்றைக்கு அவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிற, அற்புதம் என்கிற இதே நான்தான் அன்றைக்குத் தாழ்ப்பாளும் போட்டவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குத்திக்காட்ட வேண்டாம்.

செஞ்சியில் மாதா கோயிலை ஒட்டி இருப்பது எங்கள் தெரு. முப்பது வீடு, முப்பதும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பெரியநாயகத்துக்கு மல்லாட்டை மில்லில், வேர்க்கடலை உடைக்கிற இடத்தில் வேலை. உடைத்த தோலின் தூசி தலை, புருவம், காதுமடல் என்று எல்லா இடத்திலும் படிந்திருக்கும். அது வயிற்றுக்காகச் செய்த வேலை. அதற்கு மேல் அவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. சாகக் கிடப்பவர்களின் தலைமாட்டில் உட்கார்ந்து அவஸ்தை செபம் சொல்வார். அவஸ்தை என்றால் எங்கள் பேச்சில் உயிர் பிரிகிற நேரம். அப்போது கோயில் மணியை விட்டு விட்டு, ஒவ்வொரு அடியாக அடிப்பார்கள். கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்கு ஓட வேண்டும். பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போயிருப்பார், அவர் பார்க்க வேண்டியது பதினாலு ஊர். கடைசி மூச்சு வரைக்கும் கூட இருப்பது தெருவின் கடமை. ஒருவர் செபத்தைச் சொல்ல வேண்டும், கூடியிருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல ஆளில்லாமல் ஓர் ஆத்துமம் புறப்படக் கூடாது என்பது எங்கள் பெரியவர்கள் வைத்த வழக்கம்.

அவருக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது ஊரில் காலரா வந்ததாம். செபம் சொல்ல வேண்டிய அன்றைய உபதேசியார் மூட்டையைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் பக்கம் ஓடிப்போனார். பெரியநாயகம்தான் ஒன்பது நாளில் பதினோரு வீட்டில் செபம் சொன்னார். அதில் ஒரு வீடு அவருடையது, கிடந்தது அவருடைய நைனா. "பயமா இல்லியா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருந்துச்சி. பயந்துகினேதான் சொன்னேன். செத்தவங்க யாரும் கொற சொல்லல" என்றார். சிரிக்காமல் இப்படிப் பேசுவார் அந்த மனுஷன்.

இப்படிப்பட்டவரைக் கண்டால் எங்களுக்கு என்ன பயம்? எல்லாம் 1981-ல் ஆரம்பித்தது. ராயப்பன் பெண்சாதி சலேத்தம்மாள் சாதாரணக் காய்ச்சலில் படுத்திருந்தாள். மில்லிலிருந்து திரும்பும் வழியில் பெரியநாயகம் அவள் வாசலில் நின்று, "ஒடம்பு எப்படி இருக்குது?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அக்குளில் புத்தகம் இருந்தது. பொழுது சாய்வதற்குள் சலேத்தம்மாள் போய்விட்டாள். அவ்வளவுதான். அவர் விசாரித்தால் சாவு வரும், புத்தகம் வாசலைத் தாண்டினால் சாவு வரும், அவர் நிழல் தொட்டில் மேல் விழுந்தால் பிள்ளை தேறாது என்று ஆளுக்கொன்று சேர்த்தார்கள். சாகிறவனுக்குச் செபம் என்பது போய், செபம் சொன்னால் சாவான் என்று ஆகிவிட்டது. வேறு எந்தச் சாதி சனத்துக்கும் இப்படி ஒரு கோணல் புத்தி வந்திருக்காது, எங்களுக்குத்தான் வரும்.

அதன் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. சாகக் கிடப்பவர்களை விழுப்புரத்துக்குக் காரில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரிக்குப் போவது தப்பில்லை, போகத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் பிழைக்க வைக்க மட்டும் ஓடவில்லை, அவர் கண்ணில் படாமல் இருக்கவும் ஓடினோம். வாசல் நிலையில் சிலுவை அடித்திருந்தோம், அதற்குக் கீழேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினோம். பிள்ளைகளின் இடுப்பில் தாயத்து வந்தது. கிறிஸ்துமஸுக்கும் தேருக்கும் கோயில் நிரம்பி வழியும், தேர் நோட்டீசில் யார் பெயர் முதலில் என்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் சாமியார் வெறும் சுவருக்குப் பிரசங்கம் வைத்தார். அடேயப்பா, நாங்கள் எல்லாம் கிறிஸ்தவர்கள்!

1984-ல் என் வீட்டுக்காரர் சின்னப்பருக்கு மஞ்சள் காமாலை முற்றியது. காருக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது பெரியநாயகம் வந்து வாசலில் நின்றார். நான் வெளியே வந்து கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினேன்.

"மாமா, இப்ப வராதீங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போய்டறேன், அற்புதம்."

"ஒண்ணும் வேணாம். போங்க மாமா!"

அவர் கோபிக்கவில்லை. எதிர்ச் சுவர் ஓரமாகப் போய் வெயிலில் நின்றார். நான் உள்ளே திரும்பியதும் சின்னப்பர் கண்ணைத் திறந்து, "வாசல்ல யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொன்னேன். பாதி வழி தாண்டுவதற்குள் காரிலேயே உயிர் போய்விட்டது. செபம் இல்லை, பதில் இல்லை, காரின் இரைச்சல் மட்டும்தான் இருந்தது. பிழைக்க வைக்கிறேன் என்று சொல்லி என் புருஷனை அனாதையாக அனுப்பிவைத்தேன்.

1987 கோடையில் பெரியநாயகமே படுத்துவிட்டார். அந்த வருஷம் மலைப் பாறைகள் பகலில் வாங்கிய சூட்டை விடியும்வரை விடவில்லை, கிணறுகளில் அடி தெரிந்தது. மூன்று வீட்டில் மாடு செத்தது. தெருவில் யாரைப் பார்த்தாலும் எதற்கோ காத்திருப்பவர்களைப் போல முகத்தை வைத்திருந்தார்கள். மல்லாட்டைத் தூசி அவர் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். பெண்சாதி பிள்ளை இல்லாத மனுஷன். கூட மில்லில் வேலை பார்த்த பஷீர் அகமது பாய்தான் காலையும் மாலையும் வந்து கஞ்சி ஊற்றினார். முப்பது வேதக்கார வீடு இருக்கிற தெருவுக்குக் கஞ்சியோடு ஒரு பாய் வந்து போகிறாரே என்று எங்களுக்குச் சுரணை வரவில்லை.

வெட்கம் உறுத்த, ஒருநாள் நான் போனேன். பேசுவதற்கு மூச்சு போதவில்லை, ஆனாலும் பேசினார்.

"சாவுக்கு எனக்குப் பயமில்ல, அற்புதம். எத்தினி பேர வழி அனுப்பியிருக்கறேன். எனக்குச் சொல்றதுக்கு யாரு இருக்குது? அத நெனச்சாத்தான் பயமா இருக்குது. யாரையாவது ஒருத்தர கேளு. படிக்கத் தெரிஞ்சா போதும். நான் கண்ண மூடறதுக்கு முன்ன அந்த வார்த்தைங்க என் காதுல வுழணும்."

வீடு வீடாகப் போனேன். ராயப்பன் கண்ணாடி உடைந்துவிட்டது என்றான், கண்ணாடி அவன் மூக்கின் மேலேயே இருந்தது. வாத்தியார் தேவசகாயம், "அது பழைய தமிழம்மா, இப்ப யாரு அதெல்லாம் சொல்றாங்க? மாமாவ டென்ஷன் ஆவாம இருக்கச் சொல்லு" என்றார். அமலோற்பவம் வாசலிலேயே மறித்து, "அந்தப் பொஸ்தகத்தப் பத்தி எங்க வூட்டுல பேசாதடி, மருமவ மாசமா இருக்குறா" என்றாள். யார் மேல் கோபப்படுவது? எனக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்க வரும். அவர் கேட்டபோதே, நான் சொல்கிறேன் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் நாக்கு எழவில்லை. யாரும் கிடைக்கவில்லை என்று போய்ச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். சாமியார் வந்து எண்ணெய் பூசியது அடுத்த நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. தெருவிலேயே அதுதான் முதல் டி.வி., என் மகன் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குப் பாதித் தெரு என் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். பஷீர் பாய் ஓடிவந்து ஜன்னலில் கூப்பிட்டார்.

"அம்மா, பெரியவருக்கு இழுத்துகினு இருக்குது. உங்க ஆளுங்கள இட்டுகினு வாங்க."

நான் கோயிலுக்கு ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்தேன். ஓர் அடி, நிறுத்தி மறுபடி ஓர் அடி. கை வலிக்க அடித்தேன். யாரும் வரவில்லை. என் வீட்டிலிருந்து படத்தின் சத்தம் கோயில் வாசல்வரை கேட்டது. மணிச் சத்தம் அவர்களுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? முப்பது வீட்டிலும் ஒருவருக்காவது காது இல்லையா? அட ஆண்டவரே என்று கத்திவிட்டேன்.

அப்போது கரண்ட் போயிற்று.

கரண்ட் போனதும் எழுந்து வந்தார்கள். மணிக்கு வராதவர்கள், படம் நின்றுபோனதால் வந்தார்கள். பெரியநாயகத்தின் ஒற்றை அறைக்குள்ளும் வாசலிலுமாக இருபது இருபத்தைந்து பேர் நின்றோம். பஷீர் பாய் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, கால்மாட்டில் ஒதுங்கி உட்கார்ந்தார். பெரியநாயகம் புத்தகத்தை நெஞ்சிலிருந்து எடுத்து நீட்டினார். யாரும் வாங்கவில்லை. ராயப்பன் ஓர் அடி பின்னால் போனான். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு கீழே இறங்கியது.

அதன் பிறகு நடந்ததை நான் எங்கும் கண்டதில்லை. அவரே சொல்ல ஆரம்பித்தார். தன் சாவுக்குத் தானே, புத்தகத்தைத் திறக்காமல், புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக.

"அர்ச்சியசிஷ்ட மரியாயே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றோம்.

அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். தப்பு எங்களுடையது. எங்களுக்காக என்பது கோயிலில் சொல்கிற வழக்கமான பதில். அவஸ்தையில் இருப்பவரின் பக்கத்தில் இவருக்காக வேண்டிக்கொள்ளும் என்று சொல்ல வேண்டும். அது எங்களுக்கு மறந்தே போயிருந்தது.

"இவருக்காக" என்று திருத்தினார். "சாவறது நானு." மறுபடி ஆரம்பித்தார். "அர்ச்சியசிஷ்ட சூசையப்பரே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாத்தியார் அதட்டினார். மூன்றாவது முறை, நானே மனசுக்குள் இவருக்காக, இவருக்காக என்று சொல்லிக்கொண்டு நின்றேன். "அர்ச்சியசிஷ்ட ராயப்பரே" என்று அவர் சொன்னதும் என் வாயிலிருந்தும் எங்களுக்காக என்றுதான் வந்தது. பழகிய நாக்கு, எங்கே திரும்பும்?

பெரியநாயகம் கண்ணை அகலத் திறந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எங்கள் முகங்களை ஒன்றொன்றாகப் பார்த்தார், ராயப்பனை, அமலோற்பவத்தை, வாத்தியாரை, என்னை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நோயாளியின் நாடியைப் பிடித்துவிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று கணிக்கிறபோது அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"சரி, வுடு" என்றார். "நான்தான் தப்பு. நீங்க சரியாத்தான் சொல்றீங்க. அவஸ்தையில கெடக்கறது நீங்கதான். தெருவே கெடக்குது. நான் இத்தினி நாளா கதவு கதவா வந்தது வீண் இல்ல போல."

அவர் தொடர்ந்தார். இந்த முறை யாரையும் திருத்தவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொன்னார், நாங்கள் எங்களுக்காக, எங்களுக்காக என்று பதில் சொன்னோம். சொல்லச் சொல்ல எங்கள் குரல் சன்னமாகியது. அமலோற்பவம் அழ ஆரம்பித்தாள். வாசல்ல யாரு என்று சின்னப்பர் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது, நானும் அழுதேன். ராயப்பன் முழங்காலில் விழுந்தான். இத்தனை வருஷத்தில் கோயிலுக்குள் கூட அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரம் மட்டும் அப்படியே போயிருந்தால்!

கரண்ட் வந்துவிட்டது.

நான் டி.வி.யை அணைக்காமல் ஓடிவந்திருந்தேன். படத்தின் சண்டைச் சத்தம் தெரு முழுக்க இரைந்தது. முதலில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு நகர்ந்தார்கள். அமலோற்பவம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மருமவ தனியா இருக்குறா" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். ராயப்பன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். வாத்தியார் கடைசியாக ஒரு சிலுவை போட்டுவிட்டுக் கிளம்பினார். நான் வாசலுக்குப் போய், "நில்லுங்க! இன்னும் முடியல, நில்லுங்க!" என்று கூப்பிட்டேன்.

"கூப்பிடாத" என்றார் பெரியநாயகம் உள்ளிருந்து. "போற உயிர யாரு புடிச்சி நிறுத்த முடியும்?"

அதை அவர் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்கு மூச்சு இரைந்து இரைந்து இறங்கியது, அடுத்த பெயரைச் சொல்ல உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பஷீர் பாய் புத்தகத்தைத் தன் தோள்துண்டால் பிடித்தெடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "படிங்கம்மா" என்றார். நான் வாங்கினேன். அவர் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் காதுக்குக் கேட்கிறாற்போல் சத்தமாகப் படித்தேன்.

ஒரு பெயரைப் படித்து நிறுத்தினேன். பதில் சொல்ல ஆளில்லை. வெளியே யாரோ கைதட்டினார்கள், படத்தில் கதாநாயகன் ஜெயித்திருப்பான். பதிலையும் நானே சொன்னேன். கண்ணுக்கு முன்னால் இவருக்காக என்று எழுத்து எழுத்தாக அச்சடித்திருந்தது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றுதான் என் வாய் சொன்னது, நான் அதைத் திருத்தவில்லை.