குட்டி பிய்த்துப்போட்ட மணி பிளான்ட்

எங்கள் நாய் வந்து சேர்ந்தபோது அதற்கு இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. என் கணவர் எலக்ட்ரீஷியன். திருமானூரில் ஒரு புது வீட்டில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மணல் குவியலில் தனியாகக் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பைக்கிலேயே பெரம்பலூர் வரை கொண்டுவந்துவிட்டார். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருந்தது. நல்ல பெயராக யோசிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே ‘குட்டி, குட்டி’ என்று கூப்பிட்டோம். அதுவே பெயராகிவிட்டது.

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா, தனியாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். குட்டியைப் பார்த்ததும், “எத்தனை நாளைக்கு?” என்று கேட்டார்.

“இனிமே இங்கதாம்மா” என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டோம்.

குட்டிக்கு ஏழு மாதம் ஆனபோது அந்த அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். திருச்சியில் மகள் வீட்டில் தங்கி, ஒரு மாதம் கழித்துத்தான் வருவதாக இருந்தது. கிளம்புகிற அன்று தன் மணி பிளான்ட்டைத் தொட்டியோடு மாடிக்குத் தூக்கி வந்தார். தென்னை நார் சுற்றிய கம்பில் ஏறி, என் உயரத்துக்கு நின்ற கொடி அது. ஒவ்வொரு இலையும் உள்ளங்கையைவிடப் பெரிது. தினமும் ஈரத்துணியால் துடைப்பார் போல, அப்படி ஒரு பளபளப்பு.

“பூட்டுன வூட்ல வெளிச்சம் இருக்காது. நீ பாத்துக்கம்மா” என்றவர் குட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஹாலில் ஜன்னலோரம் வைத்து, சுற்றிலும் நாற்காலிகளை அடுக்கினோம். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு அரியலூரில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை. ஒருநாள் சாயங்காலம் பஸ் இறங்கி வந்து கதவைத் திறந்தால், எப்போதும் மேலே பாய்கிற குட்டியைக் காணோம். நாற்காலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தொட்டி குப்புறக் கிடக்க, மண் சமையலறை வாசல் வரை இறைந்திருந்தது. கம்பிலிருந்த நாரெல்லாம் பிய்ந்து ஹால் முழுக்கப் பறந்தது. கொடியின் ஒரு துண்டு சோபாவில், ஒரு துண்டு டிவிக்கு அடியில். மிச்சத்தை இழுத்துக்கொண்டு போன தடம் படுக்கையறைக்குள் போய் முடிந்தது.

கட்டிலுக்கடியில் இருந்தது குட்டி. மண் அப்பிய மூக்கு, தலையில் ஒட்டிய ஒரு இலை. “வெளிய வா, இன்னைக்கு இருக்கு உனக்கு!” என்று கத்தினேன். வாலைக்கூட ஆட்டவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகுவது தெரிந்தது. முன்னங்காலால் வாயைத் தேய்த்துத் தேய்த்து முனகியது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கணவருக்குப் போன் செய்தேன். அவர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே வந்துவிட்டார். குட்டியை என் துப்பட்டாவில் சுற்றிக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம்.

“என்ன சாப்பிட்டுச்சு?”

அதன் தலையில் ஒட்டியிருந்த இலையையே எடுத்துக் காட்டினேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். “மணி பிளான்ட்டா? வாயும் தொண்டையும் எரியும். வேற ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க.” வாயைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு ஒரு ஊசி போட்டார். “செடி எப்படி இருக்கு?” என்றார்.

“அதுக்குத்தான் சார் ஊசி கிடையாது” என்றார் என் கணவர்.

வீட்டுக்கு வந்ததும் குட்டி சுருண்டு தூங்கிப்போனது. நாங்கள் இருவரும் மண்ணைக் கூட்டி அள்ளினோம். “நர்சரில இதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிடலாம். கண்ணு ஆபரேஷன் பண்ணிட்டு வர்றவங்களுக்கு என்ன தெரியப்போவுது?” என்றார் அவர்.

“நல்லா தெரியணும்னுதாங்க ஆபரேஷனே பண்ணியிருக்காங்க.”

பொய் சொல்லிவிட்டு அதே படியில் தினமும் ஏறி இறங்க என்னால் முடியாது. போனை எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “அம்மா, உங்க செடிய குட்டி பிச்சுப்போட்டுடுச்சு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

“தின்னுச்சா?”

“ஆமாம்மா.”

“வாந்தி எடுத்துச்சா? மூச்சு ஒழுங்கா விடுதா?” நர்ஸாகவே கேட்டார். டாக்டரிடம் போய் வந்ததைச் சொன்னேன். அடுத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

“தண்டு இருக்கா பாரு” என்றார். “இலை போனா போவட்டும். தண்டுல கணு கணுவா இருக்கும். கணுவுக்குக் கீழ வெட்டித் தண்ணியில போடு. கணு முங்கணும்.”

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவர் சொல்லச் சொல்ல வெட்டினோம். பதினாலு துண்டு தேறியது. ஊறுகாய் பாட்டில், தேன் பாட்டில், கண்ணாடி டம்ளர் என்று கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் ஊற்றி, குட்டிக்கு எட்டாமல் அலமாரி மேல் வரிசையாக வைத்தோம்.

மறுநாளிலிருந்து தினமும் ஏழு மணிக்குப் போன் வரும். “வேர் விட்டுச்சா?” விடவில்லை என்றாலும் பேச்சு நீளும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்துக் கதைகள், கண்ணில் கட்டுப் போட்ட கதை, மகள் வீட்டு இட்லி கல்லாக இருக்கும் கதை. நாங்கள் குடிவந்த மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. இரண்டு துண்டு அழுகிப்போனது. மற்றவற்றில் வெள்ளை நூல் மாதிரி வேர் எட்டிப் பார்த்த அன்று, நானே முந்திக்கொண்டு போன் செய்தேன்.

திரும்பி வந்த அன்று கறுப்புக் கண்ணாடியோடு நேராக மாடிக்கு ஏறி வந்தார். முதலில் குட்டியைப் பிடித்து, வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். அதுவும் பேஷண்ட் மாதிரி சும்மா நின்றது. “புண்ணு இல்ல” என்றார். பிறகு பாட்டில்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கைப் பழைய தொட்டியில் நட்டார். மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்கும், என் ஆபீஸுக்கும், அந்த டாக்டருக்கும் கொடுத்தோம்.

இப்போது பகலில் குட்டி அவர் வீட்டில்தான் இருக்கிறது. போன வாரம் ஆபீஸுக்குப் போன் செய்து, காலைப் பேப்பரை அது சுக்குநூறாகக் கிழித்ததை வரிவரியாகச் சொன்னார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

“பாதி சேதி படிக்கறதுக்குள்ள கிழிச்சிடுச்சும்மா. வரப்ப ஒரு பேப்பர் வாங்கிட்டு வா” என்றார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கடைசியாக இருந்த ஒரு பேப்பரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.